நடுகல் மரபும் ஒரு நினைவில்லமும்

புறத்திணையியல் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் முதுகலை முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். வெட்சித்திணையில் நடுகல் பற்றிய பகுதியை விளக்கி முடித்திருந்த வேளை அது. கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் கூறும் ஆறு நிலைகளையும் கரும்பலகையில் எழுதியிருந்தேன். நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்திருப்பதையும், அது ஆநிரைப் பூசலில் இறந்த வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்டதென்பதையும் பெருமையுடன் எடுத்துரைத்திருந்தேன். அம்மாணவர் கேட்டது இது:

“ஐயா, இவர்களெல்லாம் வில்லும் வேலும் ஏந்திப் போரில் இறந்தவர்கள். கையில் ஒன்றும் இல்லாமல், பிறருடைய உரிமைக்காகப் பேசி, அந்தப் பேச்சுக்காகவே கொல்லப்பட்டவருக்கு நடுகல் உண்டா?”

கோப்பெருஞ்சோழனைச் சுட்டி விடை கூறினேன். அவன் வாளேந்தி மடியவில்லை. வடக்கிருந்து, உண்ணாது உயிர் நீத்தான். அவனுக்கும் கல் நடப்பட்டது. அக்கல்லின் முன் நின்று பொத்தியார் பாடினார். ஆயினும் அவ்விடை மாணவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. எனக்கும் நிறைவளிக்கவில்லை என்பதே உண்மை. சோழன் தன் மானத்தின் பொருட்டுத் தானே உயிர் துறந்தவன். மாணவர் கேட்டதோ பிறர் பொருட்டுப் பேசி, பிறரால் கொல்லப்பட்டவரைப் பற்றி. மணியடித்ததால் அன்றைக்குத் தப்பினேன்.

அவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதியை, 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எம் துறை மாணவர்களுடன் மேற்கொண்ட தில்லிக் கல்விச் சுற்றுலாவில் கண்டேன். அதனையே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

யாருடைய வீடு?

திருச்சியில் திருக்குறள் விரைவுவண்டி ஏறி நிஜாமுத்தீன் நிலையத்தில் இறங்கினோம். தமிழ் மாணவர்களைத் தலைநகருக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமையாது. செங்கோட்டை, குதுப்மினார், நாடாளுமன்ற வெளிப்புறம் என்று வழக்கமான இடங்கள் எல்லாம் பயணத் திட்டத்தில் இருந்தன. அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர். ஆதலின் அவற்றை விடுத்து, தீஸ் ஜனவரி மார்க் என்னும் சாலைக்கு நேரே வருகிறேன். ‘முப்பது சனவரிச் சாலை’ என்பது அப்பெயரின் பொருள். 1948இல் அதற்கு அல்புகர்க் சாலை என்று பெயர். ஒரு நாளின் பெயரைத் தாங்கி நிற்கும் சாலைகள் உலகில் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வெற்றி நாள்களின் பெயரைத் தாங்கியவை. இஃது ஓர் இழப்பின் நாள்.

அச்சாலையிலுள்ள வெண்ணிற மாளிகை, தொழிலதிபர் கனசியாம் தாஸ் பிர்லா 1928இல் கட்டியது. பிர்லா மாளிகை என்றே அந்நாளில் வழங்கிற்று. காந்தியடிகள் தம் வாழ்வின் இறுதி 144 நாள்களைக் கழித்தது இங்கேதான். 1971இல் நடுவணரசு இதனை வாங்கி, 1973 ஆகஸ்டு 15 அன்று நினைவில்லமாகத் திறந்தது. இன்று ‘காந்தி ஸ்மிருதி’ எனப்படுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

வாயிலில் நின்றபடியே மாணவர்களிடம் ஒன்றைத் தெளிவுபடுத்தினேன். இது காந்தியின் வீடு அன்று. அவர் விருந்தினராகத் தங்கிய வீடு. தில்லிக்கு வந்தால் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்குவதையே அவர் அக்காலத்தில் வழக்கமாகக் கொண்டிருந்தார். 1947 செப்டம்பர் 9 அன்று கல்கத்தாவிலிருந்து வந்திறங்கியபோது அக்குடியிருப்பு முழுதும் பஞ்சாபிலிருந்து உயிர் தப்பி வந்த ஏதிலியர் நிறைந்திருந்தனர். அதனாலேயே இம்மாளிகைக்கு அழைத்து வரப்பட்டார். ஆக, ஏதிலியருக்கு இடம் விட்ட ஒருவர், தாமும் வீடற்றவராய் வந்து தங்கிய இடம் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

உரிமைப் போராளி என்பது ஏன்?

காந்தியடிகளைத் தேசத் தந்தை என்றும் விடுதலை வீரர் என்றும் பள்ளிப் பாடங்கள் நமக்குச் சொல்லித் தந்துள்ளன. குடிமை உரிமைப் போராளி என்று சொல்லித் தருவதில்லை. அமெரிக்கக் கருப்பின மக்களின் போராட்டத்துக்கு உரிய சொல் அது என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். உண்மையில் அவருடைய பொதுவாழ்வு அத்தகைய போராட்டமாகவே தொடங்கிற்று. அத்தகைய போராட்டமாகவே முடிந்தது. இடையில் வந்ததே நாட்டு விடுதலை.

1893இல் தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனம், தன் வழக்கொன்றின் பொருட்டே அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது. 1906 செப்டம்பர் 11 அன்று சோகன்னசுபர்க்கு நகரின் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர், கைரேகைப் பதிவுச் சட்டத்துக்கு அடிபணிவதில்லை என்று உறுதி பூண்டனர். இறைவனைச் சான்றாக வைத்தே அவ்வுறுதியை ஏற்க வேண்டும் என்று எழுந்து வற்புறுத்தியவர் ஹாஜி ஹபீப் என்னும் முதியவர். 1908 ஆகஸ்டு 16 அன்று பதிவுச் சான்றிதழ்கள் குவித்து எரிக்கப்பட்டது அந்நகரின் ஹமீதியா பள்ளிவாசல் திடலில். 1913 மார்ச்சில் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்பது அதன் விளைவு. நிக்காஹ் செய்துகொண்ட மனைவியும், தாலி கட்டிக்கொண்ட மனைவியும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அதன் பின்னரே பெண்கள் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை அவ்வாறு சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்த இளம்பெண். அப்போது அவருக்கு வயது பதினாறே. அவ்வாண்டிலேயே திருமணங்களுக்கு ஏற்பு கிடைத்தது. ஒப்பந்தக் கூலி முடிந்தோர் மீதிருந்த மூன்று பவுன் வரியும் நீங்கிற்று.

இவ்வளவையும் எம் மாணவியர் பலர் முதன்முறையாக அன்றுதான் கேட்டனர். நம் பாடத்திட்டத்தைக் குறை கூற இது இடமன்று என்பதால் மேலே செல்கிறேன்.

தரைப்பாயும் ஒரு கல்லும்

காந்தியடிகள் தங்கியிருந்த அறை கீழ்த்தளத்தில் உள்ளது. மாளிகையின் பரப்பை எண்ணிக்கொண்டு உள்ளே நுழைவோர் சற்றே திகைப்பர். தரையில் வெள்ளை விரிப்பு, அருகே தாழ்வான மரமேசை, கண்ணாடி, ஊன்றுகோல், கத்தி, முள், கரண்டி, சோப்புக்கு மாற்றாக உடல் தேய்த்துக் குளிக்க அவர் பயன்படுத்திய கரடுமுரடான ஒரு கல். அவ்வளவே. மாணவர்கள் ஊன்றுகோலை விட அக்கல்லின் முன்னேதான் நெடுநேரம் நின்றனர். “ஐயா, எங்க ஊர்க் கம்மாயில் பாட்டி தேய்க்கிற கல் இப்படித்தான் இருக்கும்” என்றார் பொன்னமராவதிப் பக்கத்து மாணவி ஒருவர். நினைவில்லம் ஒன்றில் பெரிய செய்திகளை விடச் சிறிய பொருள்களே நம்மை நிறுத்தி வைக்கின்றன. மேல்தளத்தில் மின்னணுக் காட்சிகள் அமைத்துள்ளனர். இளையோர் அவற்றை விரும்பிப் பார்த்தனர். எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை.

இவ்வறையில் நிகழ்ந்தவற்றை அறியாமல் பொருள்களை மட்டும் பார்த்துத் திரும்புவதில் பயனில்லை. ஆதலின் மாணவர்களைப் புல்வெளியில் அமர்த்தி, அந்த 144 நாள்களின் கதையைச் சொன்னேன்.

பிரிவினையின் வன்முறை தில்லியை எரித்துக்கொண்டிருந்த காலம். தலைநகரின் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளை விட்டுப் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அடைக்கலம் புகுந்திருந்தனர். மறுபுறம், மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியரும் மழையிலும் குளிரிலும் கூடாரங்களில் கிடந்தனர். காந்தியடிகள் இருசாரார் முகாம்களுக்கும் சென்றார். ஓக்லாவில் அச்சத்தில் உறைந்திருந்த ஜாமியா மில்லியாவுக்கும் சென்றார். நாள்தோறும் மாலையில் இம்மாளிகையின் பின்புறப் புல்வெளியில் பொதுத் தொழுகை நடத்தினார். கீதையும் குர்ஆனும் அதில் ஓதப்பெற்றன. குர்ஆன் ஓதக்கூடாது என்று அக்காலத்தில் அவருடைய கூட்டத்தில் எவரேனும் ஒருவர் எழுந்து மறுத்தாலும், குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை ஓத அவர் உடன்படவில்லை. அன்றைய தொழுகையையே நிறுத்திவிட்டார். இச்செயலைப் பற்றி வகுப்பில் நெடுநேரம் விவாதிக்கலாம். பெரும்பான்மையினர் கேட்க விரும்பும்போது ஒருவரின் மறுப்புக்காக நிறுத்துவது சரியா என்று ஒரு மாணவி கேட்டார். கேட்க மறுப்பவரையும் தம்மவராகவே அவர் கருதினார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

1948 சனவரி 13 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். வயது 78. சிறுநீரகம் தளர்ந்திருந்தது. அந்நோன்பை முடிக்க அவர் விரும்பியவற்றை நம் மாணவர்கள் எழுத்துக்கு எழுத்து அறிந்திருக்க வேண்டும். மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி அவர்களின் தர்காவில் உரூஸ் வழக்கம்போல் நடைபெற வேண்டும். தில்லியில் கைப்பற்றப்பட்ட பள்ளிவாசல்கள் 117ஐயும் திருப்பித் தர வேண்டும். கரோல்பாக், சப்ஜிமண்டி, பகாட்கஞ்சு ஆகிய பகுதிகளில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தால் தடுக்கக்கூடாது. அவர்களுடைய வணிகத்தைப் புறக்கணிக்கக்கூடாது. பாக்கிஸ்தானில் இந்துக்களும் சீக்கியரும் கொல்லப்படுவதையும் அந்நாள்களிலேயே அவர் கடுமையாகக் கண்டித்துப் பேசினார் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும்.

இவற்றை ஊன்றிப் பாருங்கள். ஆட்சியில் பங்கு கேட்கவில்லை. சட்டமன்றத்தில் இடம் கேட்கவில்லை. தெருவில் நடக்கும் உரிமை, கடை வைக்கும் உரிமை, சொந்த வீட்டில் உறங்கும் உரிமை, தொழும் உரிமை. தென்னாப்பிரிக்காவில் அவர் தொடங்கிய இடமும் இதுவே. அங்கே நடைபாதையில் நடந்ததற்காகக் காவலரால் உதைத்துத் தள்ளப்பட்ட இளம் வழக்கறிஞர், அரை நூற்றாண்டுக்குப் பின், விடுதலை பெற்ற தம் நாட்டின் தலைநகரில், வேறு சமயத்தவர் தெருவில் நடப்பதற்காகப் பட்டினி கிடந்தார். சனவரி 18 அன்று எல்லாத் தரப்புத் தலைவர்களும் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் பழச்சாறு தர, நோன்பு முடிவுற்றது.

இரண்டு நாள் கழிந்து, சனவரி 20 அன்று மாலை, தொழுகைத் திடலில் குண்டு வெடித்தது. வெடிக்கச் செய்த மதன்லால் பகவா அங்கேயே பிடிபட்டான். காவல் மிகுந்தது. ஆனால் தொழுகைக்கு வருவோரைச் சோதனையிட்டு அனுப்புவதற்குக் காந்தியடிகள் இசையவில்லை.

மெஹ்ரௌலி

சனவரி 27 அன்று அவர் மெஹ்ரௌலிக்குச் சென்றார். உரூஸ் நடந்தது, இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களுடன் கலந்து வந்திருந்தனர். தர்காவின் பளிங்குச் சாளரங்கள் கலவரத்தில் உடைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அவர் வருந்தினார். தொழுகைத் திடலுக்கு வெளியே அவர் மேற்கொண்ட கடைசிப் பயணங்களுள் அஃதொன்று. மூன்று நாள்களே எஞ்சியிருந்தன.

நாங்களும் அன்று பிற்பகல் மெஹ்ரௌலிக்குப் போனோம். ஆண்டுதோறும் அங்கே பூ விற்போர் விழா என்று ஒன்று நடைபெறுகிறது. ஒரே ஊர்வலத்தார் தர்காவுக்குப் பூப்போர்வையும் யோகமாயா கோயிலுக்குப் பூவிசிறியும் கொண்டு செல்வர். இதைக் கேட்டதும் மாணவர்கள் நம் காட்டுபாவா பள்ளிவாசலை நினைத்துக்கொண்டனர். திருமயத்திலிருந்து மதுரை செல்லும் சாலையில் பேருந்து நின்றதும் எல்லாச் சமயத்தவரும் இறங்கி உண்டியலில் காசு போட்டு வருவதை நாள்தோறும் காண்கிறோம். தர்கா செல்வது பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை நான் அறியாதவனல்லேன். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஒரு மக்கள் கூட்டம் தன் வழக்கப்படி கூடும் உரிமையை, அவ்வழக்கத்தைத் தமதாகக் கொள்ளாத ஒருவர் தம் உயிரைப் பணயமாக வைத்து மீட்டுத் தந்தார் என்பதே பேசப்படுகிறது.

சுவடுகள்

மீண்டும் இல்லத்துக்கு வருவோம். அறையின் பக்கவாயிலிலிருந்து தொழுகைத் திடல் வரை ஒரு பாதை செல்கிறது. அப்பாதையின் மீது, தரையிலிருந்து சற்றே எழும்பியவாறு, அடிச்சுவடுகள் வார்க்கப்பட்டுள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக அவை செல்கின்றன. நாமும் அருகே நடக்கலாம். மாணவர்கள் முதலில் பேசிக்கொண்டே நடந்தனர். பாதி வழியில் பேச்சு நின்றது. யாரும் பேசவேண்டாமென்று சொல்லவில்லை.

1948 சனவரி 30, வெள்ளிக்கிழமை. சர்தார் பட்டேலுடன் பேசிக்கொண்டிருந்ததால் தொழுகைக்குப் புறப்படச் சில மணித்துளிகள் தாழ்ந்தன. காலந்தாழ்த்துவதை அவர் வெறுத்தவர். ஆதலின் விரைந்து நடந்தார். ஒரு கை மனுவின் தோளில். மற்றொரு கை ஆபாவின் தோளில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் மனுவைத் தள்ளினான். அப்பெண்ணின் கையிலிருந்த செபமாலையும் எச்சிற்படிக்கமும் குறிப்பேடும் கீழே விழுந்தன. மூன்று குண்டுகள். மாலை 5.17.

சுவடுகள் நிற்கும் இடத்தில் ஒரு கல்தூண் நாட்டப்பட்டிருக்கிறது. மேலே மண்டபம். என்னிடம் நடுகல் பற்றி வினவிய மாணவர் தூணைச் சுற்றி வந்தார், ஒன்றும் கூறவில்லை. காட்சி, கால்கோள் என்று நான் கரும்பலகையில் எழுதிய நிலைகள் எல்லாம் இக்கல்லுக்கும் பொருந்துமா என்று நான் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் புதிது. பழைய நடுகல், வீரன் எவ்விடத்தில் வீழ்ந்தான் என்பதைச் சொல்லும். இங்கே அவர் எங்கிருந்து எழுந்து நடந்து வந்தார் என்பதையும் காட்டியிருக்கிறார்கள். விரிப்பிலிருந்து தூண் வரை உள்ள தொலைவே இந்நினைவில்லம்.

அன்றிரவு புதுக்கோட்டையில்

இவ்விடத்தில் என் குடும்பச் செய்தியொன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். என் பாட்டனார் அந்நாளில் புதுக்கோட்டைக் கீழராச வீதியில் ஒரு கடையில் கணக்கு எழுதிவந்தார். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம்; 1948 மார்ச் 3 அன்றுதான் அது இந்திய ஒன்றியத்துடன் முற்றாக இணைந்தது. அவ்வெள்ளிக்கிழமை மாலை, காந்தி சுடப்பட்டார் என்ற செய்தி வீதிக்கு வந்தது. சுட்டவன் முஸ்லிம் என்ற பேச்சும் கூடவே வந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. பாட்டனார் வீட்டுக்கு ஓடிவந்து கதவைத் தாழிட்டார். பாட்டியார் அடுப்பை அணைத்து, விளக்கைத் தணித்துப் பிள்ளைகளை உள்ளறைக்குள் கொண்டுபோனார். மகாத்மாவுக்காக அழுவதா, பிள்ளைகளுக்காக அஞ்சுவதா என்று தெரியாமல் இருந்தோம் என்று அவர் என் தந்தையாரிடம் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். வானொலிப்பெட்டி வைத்திருந்த அடுத்த தெருக்காரர் ஒருவர், இரவில் தாமே நடந்துவந்து கதவைத் தட்டி, “ராவுத்தரே, சுட்டவன் உங்காள் இல்லையாம், ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறங்கள்” என்றாராம். அவர் வேறு சமயத்தவர். கதவு திறந்த பிறகே எங்கள் வீட்டில் காந்திக்காக அழுதார்கள்.

தில்லியிலும் இதுவே நிலை. செய்தி கேட்டு விரைந்துவந்த மவுண்ட்பேட்டன், மாளிகை வாயிலில் இறங்கும்போதே கூட்டத்தில் ஒருவர், சுட்டவன் முஸ்லிம் என்று கூவியதாகவும், உண்மை இன்னதென்று தமக்கே உறுதியாகத் தெரியாத அந்நொடியில், இல்லை, அவன் இந்து என்று மவுண்ட்பேட்டன் உரக்க மறுத்ததாகவும் அன்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். அந்த மறுப்பு ஒரு கணம் தவறியிருந்தால் நாடு என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். எனக்கோ கீழராச வீதியும், தணித்த விளக்கும் நினைவுக்கு வருகின்றன. தூணின் முன்னே நின்று இதை மாணவர்களிடம் சொல்லும்போது என் குரல் சற்றுத் தடுமாறியதை ஒப்புக்கொள்கிறேன்.

வேறொரு வீடு

இதனோடு ஒப்புநோக்கத்தக்க இல்லம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சாக்சன் நகரில் உள்ளது. நான் நேரில் கண்டதில்லை, நூல்வழி அறிந்ததே. மெட்கர் எவர்சு என்னும் கருப்பின உரிமைப் போராளியின் வீடு அது. இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியவருக்கு, ஊரில் வாக்குச்சாவடிக்குள் நுழைய இயலவில்லை. மக்களை வாக்காளராகப் பதிவு செய்விக்கும் பணியில் ஈடுபட்டார். அவர் வாங்கிய வீட்டுக்குத் தெருவை நோக்கிய முன்வாயில் கிடையாது. பக்கவாட்டில், வண்டி நிறுத்தும் கொட்டகை வழியேதான் நுழைய வேண்டும். சன்னல்கள் உயரத்தில் அமைந்தவை. பிள்ளைகளின் மெத்தைகள் தரையிலே கிடந்தன. வெடிச்சத்தம் கேட்டால் தரையில் படுத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தனர் பெற்றோர். 1963 சூன் 12, நள்ளிரவு கடந்த வேளையில், கொட்டகையில் வண்டியை விட்டு இறங்கியவரை முதுகில் சுட்டான் ஒருவன். குண்டு உடலையும், சன்னலையும், உட்சுவரையும் துளைத்துச் சமையலறைக் குளிர்பெட்டியில் மோதித் தெறித்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுக்கள் 1964இல் இருமுறை ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற் போயின. 1994இல்தான், 31 ஆண்டுகள் கழித்து, கொலையாளி தண்டிக்கப்பட்டான். அவருடைய துணைவியார் அவ்வீட்டை 1993இல் ஒரு கல்லூரிக்கு வழங்கினார். 2020இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அவ்வீடு நிற்கும் தெரு இன்று மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டர் என்னும் கவிஞர் பெயரால் வழங்குகிறது. அக்கவிஞரும் அத்தெருவில் வாழ்ந்தவரே. தமிழ்த்துறையினராகிய நாம் இதை அறிந்து மகிழலாம்.

முன்வாயில் இல்லாத அவ்வீட்டையும், வருவோரைச் சோதனையிட ஒப்பாத இவ்வீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மனைவி மக்களைக் காக்கத் தம்மால் இயன்ற எல்லாக் காப்பும் செய்தார். மற்றவர் எல்லாக் காப்பையும் மறுத்தார். எவர் செய்தது சரி என்று மாணவர்கள் தொடர்வண்டியில் ஆக்ரா தாண்டும் வரை வாதிட்டனர். பிள்ளைகள் உடனுறையும் வீட்டில் காப்பு மறுப்பது அறமாகாது என்பது மாணவியர் பலரின் கருத்து. நானும் அவர்கள் பக்கமே சாய்கிறேன்.

மதுரை

தில்லி செல்ல வாய்ப்பில்லாத மாணவர்களுக்கு ஒரு சொல். நம் ஊரிலிருந்து பேருந்தில் ஏறினால் அரைநாளுக்குள் மதுரையை அடையலாம். தமுக்கத்தில், இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில், காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது. 1959 ஏப்ரல் 15 அன்று பண்டித நேரு திறந்து வைத்தது. அன்றைய மாலை காந்தியடிகள் உடுத்தியிருந்த ஆடை, குருதிக் கறையுடன், கண்ணாடிப் பேழைக்குள் அங்கே பாதுகாக்கப்படுகிறது. தில்லி இல்லத்தில் நடந்த வழியைக் காணலாம். மதுரையில் நடந்ததன் சான்றைக் காணலாம். இவ்விரண்டையும் கண்டு, தாம் கண்டதை நான்கு பக்கங்களில் எழுதி வருமாறு என் மாணவர்களுக்குப் பணித்தேன்.

சுற்றுலாக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது, வகுப்பில் அவ்வினாவை எழுப்பிய மாணவரின் ஏடு என் கைக்கு வந்தது. அவர் திருமயம் வட்டத்தைச் சேர்ந்தவர். இல்லத்தின் அமைப்பையும், அறையிலிருந்த பொருள்களையும், பாதையின் வரைபடத்தையும் ஒழுங்காகத் தந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு நாள்களை மட்டும் எழுதியிருந்தார்.

முதலாவது 30.1.1948, வெள்ளி. தொழுகைக்குச் செல்லும் வழியில்.

இரண்டாவது 17.1.2025, வெள்ளி. தொழுகை முடிந்து திரும்பும் வழியில்.

இரண்டாவது நாள் எதைக் குறிப்பதென்று இம்மாவட்டத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. திருமயம் பகுதியில் கல்குவாரிகளின் முறைகேடுகளுக்கு எதிராக மனுமேல் மனுவாகக் கொடுத்துவந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, இருசக்கர வண்டியில் வீடு திரும்புகையில் லாரி மோதி உயிரிழந்த நாள். கொலை வழக்காக அது பதிவாயிற்று. புலனாய்வு பின்னர்க் குற்றப்பிரிவுக் குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

அவ்விரு வரிகளின் கீழே அவர் வேறொன்றும் எழுதவில்லை. பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. நான்கு பக்கம் கேட்டிருந்தேன், மூன்றரையே இருந்தது. முழு மதிப்பெண்ணும் இட்டு, நாளிட்டுக் கையொப்பம் செய்து, ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.